எழுதாமல் விட்ட கணக்கு

எங்கள் கல்லூரியில் ஒருவரை அழவைப்பதற்கு முன்னாலேயே மேஜையில் டிஷ்யூ பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். பக்கத்தில் தண்ணீரும் இருக்கும். அன்றைக்கு அந்த அறைக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பெட்டிதான். சரிதான், முடிவெடுத்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சுருக்கென்றது. என் பக்கத்தில் என் சிநேகிதி நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. பெரியவர்கள் வந்து உட்காரும்வரை அவள் உட்கார மாட்டாள்.

ஆக்லாந்தில் ஒரு தொழிற்கல்லூரியில் நானும் அவளும் நர்சிங் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தோம். நான் திருச்சிக்காரி, நாற்பதைத் தாண்டியவள். கணவரின் ஐ.டி. வேலைக்காக இங்கே வந்து, வீட்டில் சும்மா இருந்து பைத்தியம் பிடித்து, மறுபடி புத்தகத்தைத் தூக்கியவள். அவள் யாழ்ப்பாணத்துப் பெண், முப்பதுகூட ஆகவில்லை. கல்யாணம் ஆகி வந்து, த்ரீ கிங்ஸ் பகுதியில் மாமியார், கணவரோடு இருந்தாள். என் வீடு ஒனிஹங்காவில். போகிற வழிதானே என்று தினமும் அவளை என் காரில் ஏற்றிக்கொள்வேன். ஆரம்பத்தில் நான் வேகமாகப் பேசினால் அவளுக்குப் புரியாது, அவள் மெதுவாகக் கதைத்தால் எனக்குக் காதில் விழாது. இருந்தாலும் எப்படியோ ஒட்டிக்கொண்டோம்.

எனக்குக் கணக்கு என்றால் வேப்பங்காய். நர்சிங்கிலோ மருந்துக் கணக்கு என்று ஒன்று உண்டு. நோயாளியின் எடை இவ்வளவு, மருந்தின் அடர்த்தி இவ்வளவு, அப்படியானால் ஊசியில் எத்தனை மில்லி ஏற்ற வேண்டும்? இந்தத் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுக்க வேண்டும். ஒரே ஒரு கணக்கு தப்பினாலும் பெயில். உயிர் விஷயம், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போதெல்லாம் அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுப்பாள். 'வடிவாப் பாருங்கோ அக்கா' என்பாள், நன்றாகப் பாருங்கள் என்று அர்த்தம். நான் வடிவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மனக்கணக்கில் விடை சொல்லிவிடுவாள். எங்கள் வகுப்பில் கணக்கில் அவளை அடிக்க ஆளே கிடையாது.

அந்த வருஷம் அவள் உண்டாகியிருந்தாள். வெளியே மூச்சு விடக்கூடாது, கண்ணூறு படும் என்று மாமியார் சொல்லிவைத்திருந்தார். எனக்கும் அவளாகச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் வாங்கிப்போட்ட மீன் பையின் வாடை காரில் தங்கிப்போயிருந்தது. குளிர் வெளுத்து வாங்குகிற காலையில் அவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்தாள். அவ்வளவுதான், புரிந்துபோயிற்று. அன்றிலிருந்து அவளுக்கென்று எலுமிச்சை ஊறுகாய் டப்பா ஒன்று என் காரிலேயே கிடந்தது.

வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்த சமயம். பயிற்சி அறையில் பொம்மை நோயாளியைப் புரட்டிப்போட்டுப் படுக்கை விரிக்கப் பழகிக்கொண்டிருந்தோம். அவள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒருக்கால் வெளியில வாறீங்களோ அக்கா என்று மெல்லக் கேட்டாள். முகத்தைப் பார்த்ததும் கையில் இருந்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டு அவளோடு வெளியே ஓடினேன். ஆஸ்பத்திரிக்கு நான் எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. வழியெல்லாம் அவள் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். 'உங்கட கார் சீட் பழுதாப் போச்சு அக்கா, குறை நினைக்காதேங்கோ.' சும்மா இருடி என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்தால் முதலில் கோபமாகத்தான் வரும்.

பிள்ளை தங்கவில்லை.

மாமியார் மோசமானவர் இல்லை. பெற்றெடுத்தவளுக்குச் செய்கிற மாதிரியே சரக்குக் கறி வைத்து, பத்தியம் பார்த்துக் கொடுத்தார். அடுப்படியில் நின்று அவரும் அழுதார். ஆனால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நின்றுகொண்டே வேலை பழகுகிற படிப்பால்தான் இப்படி ஆயிற்று என்றும் ஒரு தடவை வாய்விட்டாராம். வருகைப் பதிவு குறைந்துவிடுமே என்று அவள் சீக்கிரமே வகுப்புக்கு வந்துவிட்டாள். டியூட்டரிடம் வயிற்றுவலி என்று சொன்னாள். அவர் நல்ல பெண்மணி, நம்பிவிட்டார்.

அப்புறம்தான் மருந்துக் கணக்குத் தேர்வு வந்தது. நான் பாஸ். அவள் பெயில். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திருத்திய தாளை வாங்கிப் பார்த்தால் எல்லாமே சரி, கடைசி ஒன்றை மட்டும் எழுதவே இல்லை. அது பிறந்த குழந்தையின் கணக்கு. குழந்தையின் எடையைக் கொடுத்து மருந்தின் அளவைக் கேட்டிருந்தார்கள். நேரம் போதவில்லை அக்கா என்றாள். மறுதேர்விலும் அதே மாதிரி ஒன்று வந்தது. அதையும் எழுதவில்லை. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இங்கே ஒரு பாடத்துக்குப் பேப்பர் என்று பெயர். அதில் தேறாவிட்டால் நம்முடைய கல்வி நிலை ஒரு படி இறங்கும். முதலில் நல்ல நிலை, அப்புறம் கண்காணிப்பு நிலை. அதே பேப்பரில் இரண்டாம் முறையும் பெயிலானால் ஒரு வருஷம் விலக்கம். அடுத்த பருவத்தில் அவள் அந்தப் பேப்பரை மறுபடி எடுத்தாள், மறுபடி அந்தக் குழந்தைக் கணக்கில் போய் நின்றுவிட்டாள். விலக்கம் என்று மின்னஞ்சல் வந்தது. வேண்டுமானால் மேல்முறையீடு செய்யலாம், நம் கைமீறிய சூழ்நிலை ஏதாவது இருந்தது என்று சொன்னால் முடிவை மாற்றுவார்கள். இதைவிடக் கைமீறிய சூழ்நிலை ஒருத்திக்கு வருமா? வாயைத் திறந்து சொன்னால் போதும், இடம் கிடைத்துவிடும். சொல்லாவிட்டால் ஒரு வருஷம் வீட்டில். ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தவளை அந்த வீடு மறுபடி படிக்க அனுப்பாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் அந்த அறைக்கு அவளுக்குத் துணையாக நானும் போனேன்.

மாணவர் ஆலோசகர் ஒரு பெண்மணி, இந்த ஊர்க்காரர், தங்கமான மனசு. எங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவராகவே ஒரு காரியம் செய்திருந்தார். மேல்முறையீட்டை விசாரிக்கிற குழுவில் எங்கள் பண்பாடு தெரிந்த ஒருவர் இருந்தால் நல்லது என்று, வேறு துறையில் பாடம் நடத்துகிற தமிழர் ஒருவரை அழைத்திருந்தார். கதவு திறந்து அவர் உள்ளே வந்ததும் என் சிநேகிதியின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோயிற்று. அவரை எங்களுக்குத் தெரியும். நரைத்த தலை, நெற்றியில் மெல்லிசாகத் திருநீறு. அவருடைய மனைவியும் இவளுடைய மாமியாரும் வெள்ளிக்கிழமை கோயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தேவாரம் பாடுகிறவர்கள்.

தலைவராக இருந்த அம்மாள் ஆங்கிலத்தில் மிகவும் பக்குவமாகக் கேட்டார். ஏதாவது உடல்நலக் குறைவா, குடும்பத்தில் பிரச்சினையா, இங்கே சொல்வது இந்த அறையைத் தாண்டாது என்றெல்லாம் சொன்னார். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஐயாவுக்கே மனசு கேட்கவில்லை. முன்னால் சாய்ந்து தமிழில் கேட்டார்.

"சொல்லும் பிள்ளை. ஏதும் கஷ்டம் இருந்ததோ?"

"ஒண்டுமில்லை ஐயா. பிழை என்னிலதான். நான் வடிவாப் படிக்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள். தப்பு என்னுடையதுதான், காரணம் எதுவும் இல்லை, ஒரு சந்தர்ப்பம் கொடுங்கள் என்றாள். ஐயோ, இதையா சொல்ல வேண்டும்! நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இது பலிக்கும். தலைமையாசிரியர் முன்னால் கைகட்டி நின்று, என் தப்புதான் சார் என்றால் ஆளுக்கு மனசு இளகிவிடும். கொஞ்சம் திட்டிவிட்டு, போ, இனிமேல் ஒழுங்காயிரு என்று அனுப்பிவிடுவார். காரணம் சொன்னால்தான் அங்கே அடி விழும், எதிர்த்துப் பேசுகிறாயா என்று. இங்கேயோ காரணம் சொன்னால்தான் பிழைப்பு. தப்பு என்னுடையது என்று அவள் சொன்னதும் குறிப்பெடுக்கிற பையன் அதை அப்படியே டக்டக்கென்று தட்டி முடித்தான்.

நான் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தேன். அசையவில்லை. துணைக்கு வந்தவர் மாணவி சம்மதித்தால்தான் பேசலாம் என்பது விதி. உங்கள் சிநேகிதி ஏதாவது சொல்லலாமா என்று தலைவர் அவளைக் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தாள். விதியாவது மண்ணாவது என்று நான் வாயைத் திறந்தேன். அவள் கை என் கைமேல் வந்து விழுந்தது. ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். டிஷ்யூ பெட்டியை அவள் தொடவே இல்லை, நான்தான் எடுத்தேன்.

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று கத்தினேன். படிப்பு உன்னுடையது, பிள்ளை உன்னுடையது, ஊருக்கு என்ன பயம் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் மடியில் இருந்த பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அந்த ஐயா வீட்டில் சொன்னால் மாமி தாங்க மாட்டா அக்கா என்று மட்டும் சொன்னாள். அவளை வாசலில் இறக்கிவிட்டு, தெருமுனையில் டெய்ரி என்று இங்கே சொல்கிற சின்னக் கடை பக்கம் காரை நிறுத்தி, ஆசை தீர அழுதேன்.

விலக்கம் உறுதியாயிற்று. தவறை நேர்மையாக ஒப்புக்கொண்டதற்கு அவளைப் பாராட்டியும் இருந்தார்கள். அந்தப் பாராட்டைக் கொண்டுபோய்க் குப்பையில் போட!

அதற்குப் பிறகு காரில் நான் தனியாகத்தான் போய்வந்தேன். அந்த ஐயாமேல் எனக்குத் தீராத ஆத்திரம். பாவம், அவர் என்ன செய்தார்? ஆதரவாக ஒரு வார்த்தை கேட்டார், அவ்வளவுதான். அது புத்திக்குத் தெரிந்தது, மனசுக்குத் தெரியவில்லை. கோயிலில் அவர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அவர் மட்டும் அன்றைக்கு அந்த நாற்காலியில் இல்லாவிட்டால் இவள் சொல்லியிருப்பாள் என்று வருஷம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் படிப்பை முடித்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போனேன். அவள் த்ரீ கிங்ஸ் கடைவளாகத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். விலக்கக் காலம் முடிகிற சமயத்தில், திரும்பி வர விண்ணப்பிக்கலாம் என்று கல்லூரி அவளுக்கு எழுதியது. என்ன காரணத்தால் அப்படி ஆயிற்று, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் விடுவேனா? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவளுடைய மதிய இடைவேளைக்குப் போய் நின்றேன். கார் நிறுத்துமிடத்தில், என் காரில், பழைய மாதிரியே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தை எனக்கும் பிய்த்துக் கொடுத்தாள்.

சும்மா சோதித்துப் பார்ப்போமே என்று வார்டில் வருகிற மருந்துக் கணக்குகளைக் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் விடை வந்தது. எல்லாம் சரி. எனக்கு ஒரே சந்தோஷம். பார்த்தாயா, உனக்கு ஒன்றும் மறக்கவில்லை என்றேன். இந்தத் தடவை எதிரே யாரும் உட்காரப்போவதில்லை, ஐயாவும் இல்லை அம்மாவும் இல்லை, அலுவலகத்தில் ஒருத்தர் படித்துவிட்டு மூடி வைத்துவிடுவார், ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று சேர்த்தால் முடிந்தது காரியம் என்றேன். நீ சொல்லு, நான் ஆங்கிலத்தில் தட்டுகிறேன் என்று விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளுவண்டிகளை ஒருவர் வரிசையாகச் சேர்த்து உருட்டிக்கொண்டு போனார். அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தாள்.

"அந்த ஐயா அண்டைக்கு இல்லாட்டியும் நான் சொல்லியிருக்க மாட்டன் அக்கா," என்றாள். "காரணம் என்ன எண்டு கேக்கினம். அது என்ர பிள்ளையெல்லோ. அதைக் காட்டி நான் எப்பிடி மார்க் கேக்கிறது?"

என் விரல் கீபோர்டிலேயே இருந்தது. சரி, காரணம் வேண்டாம் என்றேன். என்னுடைய பிடிவாதம் எனக்கு. என்ன மாறியிருக்கிறது என்பதை மட்டும் எழுதுவோம், இப்போது எல்லாக் கணக்கும் போடுகிறாய் இல்லையா, அந்தக் கடைசிக் கணக்கையும் போடுவேன் என்று எழுதுவோம் என்றேன்.

அவள் இடியப்பப் பெட்டியை மூடி, மூடி சரியாக விழுந்ததா என்று அழுத்திப் பார்த்தாள்.

"அதில அந்தப் பிள்ளையின்ர நிறை போட்டிருந்தது அக்கா. என்ர பிள்ளை எவ்வளவு நிறை எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

இடைவேளை முடிந்துவிட்டது என்று இறங்கிப் போனாள். விண்ணப்பத்துக்கான நாள் அந்த வாரத்தோடு முடிந்தது.