கன்னிமார் தள்ளி உட்கார்ந்த கதை

பைக்காரா மின்நிலையத்துக் கரண்ட் தோட்டங்களுக்கு வரத் தொடங்கிய காலத்தில் நான் கோயமுத்தூரில் மோட்டார் பிட்டர். கருமத்தம்பட்டிப் பக்கம் சென்னியப்பக் கவுண்டர் தோட்டத்தில் மோட்டாரை இறக்கிய அன்றே வேலை நின்றுபோனது. கிணற்றோரம் பவுண்டேஷன் போடத் தோதான பாறை ஒரே இடத்தில்தான் இருந்தது. அங்கே ஏழு கல் நட்டுக் கன்னிமார் சாமியாகக் கும்பிட்டு வந்தார்கள்.

“புடுங்கி எறிஞ்சுபோட்டு வேலையப் பாருங்க” என்றார் கவுண்டர்.

அவருக்குச் சாமி மேல் கோபம். கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைத்த காளைகள் இரண்டும் நோயில் விழுந்தபோது அந்தக் கற்களுக்குப் பொங்கல் வைத்து வேண்டியிருந்தார். இரண்டும் செத்துப்போயின. அதோடு கும்பிடுவதை விட்டுவிட்டார். இறைக்க மாடில்லாமல்தான் மோட்டார் வாங்கினார். அதற்குள் பருத்தி காய ஆரம்பித்துவிட்டது.

அவர் மனைவி நாச்சம்மா வந்து கற்களுக்கு முன்னால் நின்றுகொண்டார். “காளை செத்ததுக்கு நானும்தானுங்க அழுதேன். அதுக்காக ஊட்டுப் புள்ளைங்களைத் தொரத்துவாங்களா? பூக் கேட்டுப்போட்டுச் சொல்றேன்.”

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துக் கல்முன் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். வெள்ளை வந்தால் சம்மதம். வந்தது சிவப்பு.

கவுண்டர் சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான், அந்த வயதில் எனக்குக் கரண்ட் ஒன்றுதான் சாமி. நாச்சம்மா அசரவில்லை.

“நாங் கேட்ட மொறை சரியில்லீங்க. எந்திரிச்சுப் போறீங்களான்னு கேட்டுப்போட்டேன். ஆருக்குத்தான் ரோசம் வராது? கொஞ்சம் தள்ளி உக்காருறீங்களான்னு கேக்கறேன்.”

இந்தத் தடவை வெள்ளை.

“மறுபடியும் சிவப்பு வந்திருந்தா என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“வேற மாதிரி கேட்டிருப்பனுங்க தம்பி. இவரு எதுக்கு மொதத் தடவையே செரீன்னிருக்காரு? அதுக்காக இவருகிட்டப் பேசாமயா இருக்கேன்?”

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கற்கள் வேப்பமரத்தடிக்குப் போயின.

பவுண்டேஷன் இறுகியதும் பம்பில் தண்ணீர் ஊற்றி ஸ்விட்சைப் போட்டேன். மோட்டார் ஜோராக ஓடியது, பைப்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மறுபடி ஊற்றிப் போட்டேன். வெறும் சத்தம்தான். கவுண்டர் பருத்தியைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“அம்மிணி, இன்னொருக்காப் பூக் கேளு” என்றார் மெதுவாக.

“அவிங்கதான் சம்மதிச்சுப்போட்டாங்களே. இது பிட்டரு வேலைங்க. ஏனுங்க தம்பி, கீழ எறங்கிப் பாருங்க.”

இறங்கிப் பார்த்தேன். தண்ணீருக்குள் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வில் குச்சி சிக்கி, அது மூடாமல், ஊற்றியதெல்லாம் கிணற்றுக்கே போய்க்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டதும் தண்ணீர் பாய்ந்து வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது. கவுண்டர் முதல் செம்புத் தண்ணீரை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனார்.

“தண்ணி செரி. காளைக்கு நீங்க பதில் சொல்லியே ஆகோணும்” என்று கற்களிடம் சண்டை போட்டுக்கொண்டே ஊற்றினார்.

வேலைக்கு வரும் பிள்ளைகளே, மோட்டார் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் முதலில் புட்வால்வைப் பாருங்கள். சாமியைத் திட்டுகிறவரைப் பார்த்து, இவருக்கு நம்பிக்கை போய்விட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். சண்டை போடவும் எதிரில் ஒருவர் வேண்டுமல்லவா.