குனில்லா பிறந்த ஊர்

அமெரிக்காவில் டெக்சாஸின் பிளானோ நகரத் தமிழ்ப் பெண்கள் மத்தியில் குனில்லாவைப் பற்றி நாலு கதைகள் உலவின. அவள் மீனைப் பச்சையாகத் தின்பாள் என்பது ஒன்று. கோபிச்செட்டிபாளையத்து நஞ்சுண்டனை ஸ்டாக்ஹோமில் வைத்து மயக்கிவிட்டாள் என்பது இரண்டு. இல்லை, அவன்தான் கிரீன் கார்டை மனசில் வைத்து வெள்ளைக்காரியைக் கட்டினான் என்பது மூன்று. அவள் காரைக்குடிப் பக்கம் திருப்பத்தூரில் பிறந்தவள் என்பது நாலு. முதல் மூன்றும் பொய். நம்பவே முடியாத அந்த நாலாவதுதான் நிஜம்.

அவளுடைய அப்பா ஸ்வீடனில் எலக்ட்ரீஷியன். திருப்பத்தூர் மிஷன் ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டரையும் எக்ஸ்ரே மெஷினையும் பார்த்துக்கொள்ள, உப்சாலா சர்ச்சுக்காரர்கள் அவரை நாலு வருஷ ஒப்பந்தத்தில் அனுப்பினார்கள். போன இடத்தில் 1962-ல் குனில்லா பிறந்தாள். இரண்டு வயதில் ஸ்வீடன் திரும்பிவிட்டாள். ஒரு கல்யாணம், ஒரு பெண் குழந்தை, ஒரு விவாகரத்து. எல்லாம் முடிந்து ஸ்டாக்ஹோமில் ஒரு டெலிபோன் கம்பெனியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தபோது, பனிக்கு மங்கி குல்லா போட்டுக்கொண்டு நஞ்சுண்டன் வந்து நின்றான். எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னான். "நான் திருப்பத்தூர்" என்றாள். அவன் குல்லாவைக் கழற்றிவிட்டான்.

அப்புறம் நடந்தது உலக வழக்கம். 2000-ல் நஞ்சுண்டனின் வேலை டெக்சாஸுக்கு மாறியது. குனில்லாவும், முதல் கல்யாணத்து மகள் லோவிசாவும் கூட வந்தார்கள். அடுத்த வருஷம் வான்மதி பிறந்தாள். பத்தொன்பது வயதிலிருந்து சம்பாதித்துப் பழகிய பெண், கணவன் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்ததால் வேலைக்குப் போகக் கூடாது என்று வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. பன் சுட்டாள். ஸ்வீடன்காரர்கள் பன்னில் ஏலக்காய் போடுவார்கள். இந்தியன் ஸ்டோரில் ஏலக்காய் பாக்கெட்டை மொத்தமாக அள்ளிக்கொண்டிருந்தவளிடம்தான் ருக்மிணி வந்து பேச்சுக் கொடுத்தாள்.

"என்னங்க, கல்யாணப் பாயசமா?"

"இல்லீங்க, பன்னுங்க" என்றாள் குனில்லா, புருஷனிடம் கற்ற கொங்குத் தமிழில்.

ருக்மிணிக்கு மதுரை. பிறந்த ஊர்க் கதையைக் கேட்டதும் "அட, எங்க பக்கத்து ஊர்க்காரி!" என்று கையைப் பிடித்துக்கொண்டவள், அன்று சாயங்காலத்துக்குள் பிளானோவில் பாதிப் பேருக்குப் போன் போட்டுவிட்டாள். 2003 பொங்கல் விழாவில் குனில்லா மைக்கைப் பிடித்து, "வணக்கம், நான் திருப்பத்தூர்ப் பொண்ணு" என்றபோது இருநூறு பேர் கைதட்டினார்கள். வீடியோ வேறு எடுத்தார்கள்.

2006 ஜூலையில் கவலை வந்து வாசலில் நின்றது. லோவிசாவுக்கு அக்டோபர் பத்தொன்பதாம் தேதி இருபத்தொரு வயது. அன்றோடு அவள் பிள்ளைக் கணக்கில் வர மாட்டாள். அம்மா அப்பா விசாவில் இருக்க முடியாது. அதற்குள் கிரீன் கார்டு மனு போய்ச் சேராவிட்டால், நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவள் மட்டும் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசையோ அனுமார் வால் மாதிரி நீண்டு கிடந்தது. ஸ்வீடனுக்கு வரிசையே கிடையாது.

"மம்மா, ஹூ டூ ஐ ஹேவ் தேர்?" என்று லோவிசா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். குனில்லாவின் அம்மா ஸ்வீடனில் ஒரு முதியோர் இல்லத்தில் யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்தாள். லோவிசாவைப் பெற்ற தகப்பன் கிறிஸ்துமஸ் கார்டு அனுப்புவதைக்கூட விட்டுவிட்டான். மிச்சம் குனில்லாவின் தம்பி ஒருத்தன், வருஷத்துக்கு ஒரு தடவை போனில் பேசுகிறவன். குனில்லா மாவு பிசையப் போய்விட்டாள்.

பெண்டாட்டி ஸ்வீடன் என்றால் அந்த நாட்டுக் கணக்கில் மனுப் போடலாம் என்று ஆபீஸில் யாரோ சொன்னார்கள். நஞ்சுண்டன் அவளையும் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் பிரியாணிக் கடைக்குப் பக்கத்தில் ஆபீஸ் வைத்திருந்த வக்கீல் பசீர் அகமதுவிடம் போனான். கீழக்கரைக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"சார், வைஃப் ஸ்வீடன் பாஸ்போர்ட்டுங்க."

"பாஸ்போர்ட்ட யாரு கேட்டா? பொறந்த நாடுதான் கணக்கு. மேடம் எங்க பொறந்தாங்க?"

நஞ்சுண்டனின் கையில் அவளுடைய ஸ்வீடன் பதிவேட்டுத் தாள் இருந்தது. பிறப்பைத் தாயின் பேர் பதிந்திருந்த சர்ச் ஊரில் எழுதிவைக்கிற பழைய வழக்கத்தில், அதில் உப்சாலா என்றிருந்தது. அவன் தாளைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான்.

"உப்சாலாங்க சார்."

குனில்லா வாயைத் திறந்தாள். அக்டோபர் பத்தொன்பது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது டோல்வேயில் சொன்னாள்: "ஏனுங்க, அது பொய்யுங்க."

"பொய் எங்க அம்மிணி? பேப்பர்ல இருக்கறதத்தான சொன்னேன்."

"பேப்பருக்குத் தெரியாது. ருக்மிணிக்குத் தெரியும்."

நஞ்சுண்டன் இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டான்.

அந்த வாரம் முழுக்க அவள் யார் யாரிடம் சொன்னோம் என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தாள். விரல் போதவில்லை. பல் டாக்டரிடம் சொல்லியிருந்தாள். வான்மதியின் டீச்சரிடம் சொல்லியிருந்தாள். வீடியோ எத்தனை வீட்டு அலமாரியில் இருக்கிறதோ! அதில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், பொறாமையில் ஒரு கடிதம் போட்டால் போதும். லோவிசா மட்டுமில்லை, குடும்பமே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சனிக்கிழமை ருக்மிணி மகன் பிறந்தநாள். அங்கே சேனாபதி வந்திருந்தான். அஞ்சு வருஷமாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன், அந்தப் பேச்சு எடுத்தாலே முகம் சுருங்குகிறவன்.

"இவளுக்கென்னடி!" என்று ருக்மிணி, மனு விஷயத்தை யாரிடமோ கேட்டு வைத்திருந்தவள், கேக் வெட்டிய கையோடு ஆரம்பித்தாள். "பொறந்தது எங்க திருப்பத்தூர்ல, க்யூ மட்டும் ஸ்வீடன்ல! கொடுத்து வச்சவ!"

சேனாபதி சமோசாவைத் தட்டில் வைத்தான். "சிஸ்டர் அங்கயா பொறந்தாங்க? அப்போ கணக்கு பாஸ்போர்ட்டா, பொறந்த இடமா?"

"அது... பொறந்த இடம்னாங்க. வக்கீல் பாத்துக்குவாருங்க" என்று உளறினான் நஞ்சுண்டன்.

சேனாபதி செல்போனை எடுத்துக்கொண்டு, நூறு டிகிரி வெயிலில் பின்பக்கத் தோட்டத்துக்குப் போய் நின்று யாருடனோ பேசினான். பேசிக்கொண்டே கண்ணாடிக் கதவு வழியாக இவர்களைப் பார்த்தான். குனில்லா ஜூஸைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"போச்சுங்க" என்றாள்.

"சும்மா இரு அம்மிணி, அவன் பொண்டாட்டிக்குப் போன் பண்றான்" என்றான் நஞ்சுண்டன். ஆனால் சேனாபதியின் பெண்டாட்டி ஸ்வர்ணா அடுத்த சோபாவில்தான் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை நஞ்சுண்டன் வேலைக்குப் போனதும் குனில்லா தனியாக ரிச்சர்ட்சனுக்குக் கார் ஓட்டினாள். முதலில் வக்கீல் ஆபீஸைத் தாண்டிப் போய்விட்டாள். சுற்றிக்கொண்டு வந்து மறுபடி தாண்டினாள். மூன்றாம் தடவைதான் வண்டியை நிறுத்தினாள்.

"சார், நான் உப்சாலா இல்லீங்க. திருப்பத்தூருங்க."

பசீர் அகமது கண்ணாடியைக் கழற்றினார். "எந்தத் திருப்பத்தூர்? வாணியம்பாடி பக்கமா, காரைக்குடி பக்கமா?"

"காரைக்குடிங்க."

"நல்லவேளை, இன்னும் கையெழுத்துப் போடல. போட்டிருந்தீங்கன்னா இந்த நாட்டுக்குள்ள மறுபடி கால் வைக்க முடியாது. உங்க வீட்டுக்காரர வந்து என்னைப் பாக்கச் சொல்லுங்க, காது நிறைய வாங்கிட்டுப் போவாரு." மூச்சு விட்டுக்கொண்டார். "சரி, வெள்ளைக்காரருக்குத் திருப்பத்தூர்ல என்ன வேலை? யாரு அனுப்பினா? எத்தனை வருஷத்துக்கு?"

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். கடைசியில் பேனாவை மூடினார். "ஒரு சின்ன வழி இருக்கு. பெத்தவங்க ரெண்டு பேரும் அந்த நாட்ல பொறக்கல, குடியேறல, வேலைக்கு அனுப்பித் தற்காலிகமாத்தான் தங்கினாங்கன்னா, பிள்ளைய அவங்க நாட்டுக் கணக்குல சேக்கலாம். ஆனா நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு முந்தின ஒப்பந்தம் வேணும். ஆபீசர் ஒத்துக்கணும். நான் கேரண்டி தர மாட்டேன்."

வீட்டில் நஞ்சுண்டன் குதித்தான். "நல்லா இருந்த பேப்பர நீயே கெடுத்துட்டியே! புள்ளைய நெனச்சியா?"

"அவளத்தான் நெனச்சேன்" என்றாள்.

உப்சாலாவிலிருந்த தம்பிக்குப் போன் போட்டாள். ஜூலையில் ஸ்வீடனே லீவு. சர்ச் ஆவணக்காப்பகம் ஆகஸ்ட் நடுவில்தான் திறக்கும் என்றான். திறந்தார்கள். பெட்டிகளை இடம் மாற்றியிருக்கிறோம், தேட வேண்டும் என்றார்கள். குனில்லா காலண்டரைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் மாட்டிவிட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் போன் அடித்தது. திரையில் சேனாபதி பேர். எட்டாவது தடவை மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு எடுத்தாள்.

"சிஸ்டர், உங்க லாயர் நம்பர் வேணும். அன்னிக்கு பொறந்த இடம்னு சொன்னீங்கல்ல? நம்ம ஸ்வர்ணா ஈப்போவுல பொறந்தவ. மலேசியா! அதுக்கும் க்யூ கிடையாது! மூணு வயசுல மாமனார் தேவகோட்டைக்குத் தூக்கிட்டு வந்துட்டாரு. எனக்கு இத்தனை வருஷமா உறைக்கவே இல்ல. அங்கயே நின்னு மாமனார எழுப்பி பர்த் சர்டிபிகேட் இருக்கான்னு கேட்டேன். அவரு ஊர்ல அப்ப விடியக்கூட இல்ல, திட்டு திட்டுன்னு திட்டுனாரு. இப்பத்தான் பேப்பர் வந்து சேர்ந்துச்சு."

குனில்லா சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. "சிஸ்டர், லைன்ல இருக்கீங்களா?" என்று சேனாபதி கத்திக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் கடைசியில் ஒப்பந்தம் கிடைத்தது. நாலு வருஷம், அதன்பின் கட்டாயம் ஊர் திரும்ப வேண்டும், கீழே அப்பாவின் கோணல் கையெழுத்து. அக்டோபர் பதிமூன்றாம் தேதி மனு போய்ச் சேர்ந்தது. ஆனால் அதிகாரி அந்த வழியை ஒத்துக்கொள்ளாவிட்டால், போய்ச் சேர்ந்தும் பிரயோஜனமில்லை. லோவிசாவின் இருபத்தொன்றாவது பிறந்தநாள் கேக்கை யாரும் சரியாகத் தின்னவில்லை.

மார்ச்சில் நேர்காணல். அதிகாரி மஞ்சளேறிய அந்த ஒப்பந்தத் தாளையே நெடுநேரம் புரட்டினார். உங்கள் பெற்றோருக்கு இந்தியாவில் வீடோ நிலமோ இருந்ததா என்று கேட்டார்.

"கட்டில்கூட ஆஸ்பத்திரிக் கட்டில்" என்றாள் குனில்லா.

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். முடிவு தபாலில் வரும் என்றார்.

ஐந்து வாரம் கழித்துத் தபாலில் இரண்டு கிரீன் கார்டு உறைகள் வந்தன. நஞ்சுண்டனுடையது, அவளுடையது. லோவிசாவுடையது இல்லை. நஞ்சுண்டன் தபால் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினான், குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். "தனித்தனியாத்தான் அனுப்புவாங்களாம் அம்மிணி" என்று பெட்டியை மூடினான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் குனில்லா தபால் வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தெருவில் போய் நின்றாள்.

லோவிசா ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குக் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் உறையைக் கொடுத்தார். குனில்லா ஓடிப்போய் ஜன்னலுக்குள் நீட்டினாள். லோவிசா பிரித்தாள். கார்டைப் பார்த்தாள்.

"ஓகே" என்றாள். "ஓகே, மம்மா. ஐம் லேட்."

ஆனால் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வண்டி நகரவில்லை. குனில்லா கதவைத் திறந்து, "தள்ளி உக்காரு" என்று தமிழில் சொல்லி, வீட்டுச் செருப்போடு தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து மகளை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.