பாட்டிலைத் திறக்காமல் சோதித்தவர்

பெருந்தொற்றுக்குப் பின் குற்றால அருவிகளில் மீண்டும் குளிக்க அனுமதித்த சாரல் காலத்தில், சானிடைசர்களைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். போலிச் சரக்குகள் பெருகியிருந்த நேரம் அது. அவர் வைத்திருந்த கையடக்க நிறமாலைமானியைப் பாட்டிலின் மேல் வைத்தால், மூடியைத் திறக்காமலே உள்ளிருக்கும் ஆல்கஹாலின் அளவு தெரிந்துவிடும். கருவி அளக்கும் நொடிகளில் அவர் கருவியைப் பார்ப்பதில்லை. பாட்டிலுக்கு உரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அருவிக்கரைக் கடைகளுக்கெல்லாம் சானிடைசரை இலவசமாக வழங்கியிருந்தவன் நான். ஒவ்வொரு பாட்டிலிலும் என் பெயரும் எம்.ஏ. பட்டமும் அச்சாகியிருந்தன.

“அண்ணாச்சி பாட்டில்ல அருவித் தண்ணிதான் இருக்குன்னு பேசிக்கிடுதாவ. நல்லா பாத்துச் சொல்லுங்க சார்,” என்றார் சிப்ஸ் கடைக்காரர். கூட்டம் சிரித்தது.

அதிகாரி கருவியை என் பாட்டிலின் மேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நானும் இமைக்காமல் நின்றேன்.

“ஆல்கஹால் சரியான அளவுல இருக்கு,” என்றார்.

சிரிப்பு அடங்கியது. அந்த மகிழ்ச்சியில், அதே பாட்டிலிலிருந்து அவர் கையில் ஊற்றப் போனேன்.

“வேண்டாம் சார். நான் சோப்பு போட்டுக்கிடுதேன்,” என்றவர், பையிலிருந்து சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“மிஷின் சரின்னுதான் சொல்லுது அண்ணாச்சி. சாரோட கைதான் நம்ப மாட்டேங்குது,” என்றார் கடைக்காரர்.

அவர் ஏன் சோப்பை நாடினார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அங்கேயே கேட்டிருக்கலாம். ஆனால் யார் முன்னிலையிலும் உண்மையை மட்டுமே சொல்லக்கூடிய மனிதராக அவர் தோன்றினார். அதனால் கேட்கவில்லை.