அடம்பன் பஸ்ஸில் கேட்ட மத்தளம்

இன்று அடம்பன் பஸ்ஸில் ஒருவரைக் கண்டதும் தூங்குவதுபோல் நடித்தேன். தூங்குகிறவன் கையில் கடித்த வடை இருக்கக் கூடாது என்பது பிறகுதான் உறைத்தது.

"அண்ணை, வடை விழப்போகுது," என்றபடி பக்கத்தில் வந்து இருந்தார்.

அவர் போர் முடிந்து ஊரில் மீள்குடியேறிய வருடம், கூரைத் தகரம் வாங்குவதற்காகப் பழைய கூத்து மத்தளத்தை என்னிடம் விற்றவர். "விக்கிறதுக்கில்லை, வீட்டில வைக்கத்தான்," என்று நான் சொன்னதை நம்பி விலையைப் பாதியாகக் குறைத்தவர்.

"இந்த முறை கோயிலில திரும்பக் கூத்துப் போடுறம். மத்தளத்தை ஒரு நாளைக்குத் தாங்கோ அண்ணை. நல்லவேளை உங்களிட்டக் குடுத்தனான். வேற ஆக்கள் எண்டால் வித்திருப்பாங்கள்."

"ஓம், பாப்பம்," என்றேன்.

திட்ட விரும்புகிறவர்கள் கீழே கமெண்டில் வரிசையாக வாருங்கள். அவரிடம் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்: அந்த மத்தளம் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் மேசைவிளக்காக நிற்கிறது. வயர் போகத் துளை போட்டுக் கொடுத்ததும் நான்தான்.