மரச்சீனி விளைக்குள் ஓடினவன்

என் மக்களே, இதைச் சபையில் எழும்பிச் சொல்ல வெகுகாலம் கூச்சப்பட்டேன். வயிற்றுப்போக்கைப் பற்றி யார் சாட்சி சொல்வார்? ஆனாலும் கர்த்தர் என் உயிரைக் காத்தது அதற்குள்ளேதான்.

எங்கள் ஊர்கள் எந்த மாநிலத்தோடு சேர்வது என்று எல்லைப் போராட்டம் நடந்த நாட்கள். நாம் குன்னத்துகாலில் இருந்தோம். எனக்கு இரத்தமும் சளியுமாகப் போகும். சில மாதம் நிற்கும், சுகமாகிவிட்டதென்று நினைப்பேன், மறுபடியும் வரும். ஒருவர் மூலம் என்றார், இன்னொருவர் சீதபேதி என்றார். எலும்பும் தோலுமானேன். சாவு என் பின்னாலேயே நடந்து வருவது போலிருந்தது.

அன்று பஸ் ஓடவில்லை. நானும் உங்கள் அம்மையும் மிஷன் ஆஸ்பத்திரிக்கு நடந்தே புறப்பட்டோம். பாறசாலை தாண்டியதும் எதிரே போலீஸ் வண்டி. அதே நேரம் வயிறு இழுத்துப் பிடித்தது. பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கு போட்டிருந்த மரச்சீனி விளைக்குள் ஓடினேன். போலீசைக் கண்டு ஓடினால் அந்நாளில் போராட்டக்காரன் என்றுதான் அர்த்தம்.

"எலே, கல்லெறிஞ்சவன் நீதானா?"

போலீஸ்காரர் தடியை ஓங்கினார். குந்தியிருந்த எனக்கு எழும்ப முடியவில்லை. 'கர்த்தாவே, இவர் கண்ணைத் திறவும்' என்று உள்ளுக்குள் கதறினேன்.

அம்மை ஓடிவந்தாள். "அடிச்சிராதீங்க சாறே! இவியளுக்குத் தீனமாக்கும். தரையப் பாருங்க!"

அவர் பார்த்தார். மண்ணெல்லாம் இரத்தம். தடி தாழ்ந்தது.

"இவன் ஓடினது நம்மள பேடிச்சல்ல, வயித்துக் கடுப்புல" என்று கூட வந்தவரிடம் சொன்னார். பிறகு என்னிடம், "வண்டியில ஏறு மக்கா. வழியில நிறுத்தணும்னா சொல்லு. ஓடிராத."

பிடிக்க வந்த வண்டியே என்னை ஆஸ்பத்திரியில் இறக்கியது.

டாக்டர் ஆசனவாய் வழியாகக் குழாய் வைத்துப் பார்த்தார். பெருங்குடலில் குழாய் எட்டின இடமெல்லாம் புண். சல்பா மாத்திரை கொடுத்தார்.

"இது முழுசா போற தீனமில்ல, கேட்டீரா? அடங்கும், திரும்பி வரும். சொகமா இருக்கும்போதும் மாத்திரைய விடப்பிடாது."

கர்த்தரிடம் பூரண சுகம் கேட்டவன் நான். அன்றிரவு மனம் உடைந்து அழுதேன்.

வருடங்கள் போயின. நோய் பலமுறை திரும்பி வந்தது, அடங்கியது. இன்றும் புது இடத்துக்குப் போனால் என் கண் முதலில் மறைவிடத்தைத்தான் தேடும். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் ஓரம் ஒதுங்கித் திரும்பிப் பார்ப்பேன். அந்தப் பயம் என்னை விடவில்லை. ஆனாலும் காலையில் ஜெபித்துவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குகிறேன். இரண்டும் கர்த்தர் தந்ததே.

பிள்ளைகளே, உடம்பில் எது வந்தாலும் மறைக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், ஆண்டவரிடமும் சொல்லுங்கள். கேட்க அசிங்கமென்று அவர் முகத்தைத் திருப்புகிறவர் அல்ல.