அலகில்லாத அன்னம்

பிள்ளையார்பாளையத்து ராமலிங்கத்துக்கு எதிலும் சந்தேகம்தான். பால்காரன் கண்ணெதிரிலேயே பாலை விரலில் தொட்டுப் பார்ப்பார். மனுஷன் நெய்வதில் மட்டும் கெட்டிக்காரர். அவர் தறியில் விழும் அன்னபட்சிக் கரை வேறெவரிடமும் கிடையாது.

அந்தக் கரையின் உயிர், தறிக்குமேல் தொங்கிய ஜக்கார்டு அட்டைகளில் இருந்தது. அட்டையில் ஓட்டை இருந்தால் இழை எழும்பும், இல்லையென்றால் எழும்பாது. எலி கடித்துவிட்டால் குடி முழுகிப்போகுமே என்று பயந்து, ஆயுத பூஜைக்குத் தறி ஓய்ந்திருந்தபோது அட்டைகளைக் கழற்றி, சிநேகிதர் கலியனிடம் இன்னொரு படி எடுக்கக் கொடுத்தார். பழைய அட்டையைப் புது அட்டைமேல் வைத்து ஓட்டைக்கு ஓட்டை குத்துவது கலியனின் தொழில்.

தை மாதம் புதுப்படியை மாட்டி நெய்து பார்த்தார். அன்னத்துக்கு அலகைக் காணோம்! பழையதை மாட்டினால் அலகு ஜோராக வருகிறது.

"வேணும்னே கெடுத்துக் குடுத்துக்கிறான். நல்ல படியை எவனுக்கோ வித்திருப்பான்" என்று மனைவியிடம் குதித்தார்.

"சும்மா இருய்யா. அவரு அப்டிச் செய்யற ஆளா?" என்றாள் செல்லியம்மாள்.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீடுவீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அதன்பின் கலியனிடம் வேலை கொடுக்க ஒருவரும் வரவில்லை. பிழைப்புக்கு ஆரணி போகப்போகிறார் என்று பேச்சு வந்தது. திருட்டு முழி முழித்துக்கொண்டு ஓடுகிறான் என்றார் ராமலிங்கம்.

ஓடுவதற்குள் நாலு பேர் முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்று, இரண்டு படிகளையும் பிரித்து அட்டைக்கு அட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புதியதில் சில அட்டைகளில் மட்டும் ஓட்டைகள் விடுபட்டிருந்தன. அவற்றுக்கு நேரான பழைய அட்டைகளில் ஓட்டையைச் சுற்றி மஞ்சள் கறை. மோந்து பார்த்தார். சந்தனம்.

பூஜையன்று முகப்பு அட்டைகளில் தாராளமாக அப்பியவர் அவரேதான். அது காய்ந்து ஓட்டையை அடைத்திருந்தபோதுதான் அட்டைகள் கலியனிடம் போயின. திரும்பி வந்ததும் வருஷா வருஷம் செய்வதுபோல ஈர்க்குச்சியால் குத்தி உதிர்த்துவிட்டு நெய்ய உட்கார்ந்தவரும் அவர்தான்.

அட்டைகளைத் தூக்கிக்கொண்டு கலியன் வீட்டுக்கு ஓடினார். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த கலியன், கறையைப் பார்த்தார்.

"பூஜை போட்ட சந்தனம். நான் சொரண்டுவேனாபா? தெரிஞ்ச ஓட்டையைக் குத்திக் குடுத்தேன்."

"தப்பு என்னுதுதான் கலியா. ரெண்டு படியும் இங்கயே இருக்கட்டும். நீயே சரி பண்ணு."

"அட்டையை நம்பி வுட்டுட்ட. நீ சொன்னதை நம்பினவங்க இருக்காங்களே, அவங்க வூட்டுக்கெல்லாம் யாரு போறது?"

ராமலிங்கம் வாசலில் இறங்கி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.