விருந்தைத் தொடாத பங்குதாரர்

எண்பதுகளில் ஒரு கப்பல் பட்டறையில் எனக்குக் கொஞ்சம் பங்குகள் இருந்தன. ஆண்டுக் கூட்டத்தில் எப்போதும் என் பக்கத்தில் உட்காருவார் பிடோக் வட்டாரத்துக்காரர் ஒருவர். தேய்த்த வெள்ளைச் சட்டை, மடியில் தேநீர் பிளாஸ்க். கூட்டம் முடிந்ததும் கம்பெனி வைக்கும் விருந்தில் நாங்கள் கறிபாப் பலகாரத்துக்கு முண்டியடிப்போம். அவர் தொடமாட்டார்.

"ஏன் சாப்பிடல?" என்றேன்.

"நம்ம காசுலயே நமக்கு விருந்து வைக்கிறாங்க லா. சாப்பிட்டா நன்றி சொல்லணும். அப்புறம் எப்படிக் கணக்குக் கேக்கறது?"

அவர் ஒருவர்தான் கேட்டார். இயக்குநர்கள் சிரித்தார்கள். நாங்கள் கையைத் தூக்கி அவர்களையே மறுபடியும் தேர்ந்தெடுத்தோம்.

பட்டறை நொடித்த செய்தி வந்த காலையில், துவாஸில் பூட்டிக் கிடந்த அதன் கேட் முன்னால் அவரைப் பார்த்தேன்.

"நீங்க யாரு?" என்று காவலாளி கேட்டார்.

"முதலாளி."

கேட் திறக்கவில்லை. அவர் கேலியாகத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.